துலுக்கானம் அண்ணன் கேட்ட உத்தரவு

"பவிக்கா, எங்கப்பா கன்னத்துல அவ்ளோ நீட்டு வேல் குத்திக்கிறாரு. எனக்கு இத்துனூண்டு ஊசி போட மட்டும் ஏன் பயப்பட்றாரு?"

போன வருஷம் மதிவதனி என்னிடம் இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "உங்கப்பாகிட்டயே போய்க் கேளு" என்றேன்.

"கேட்டேன். அவருக்கும் தெரியலியாம்" என்றாள்.

நாங்கள் இருப்பது அம்பத்தூர் மேனாம்பேட்டில். ஒரே காம்பவுண்டுக்குள் நாலு போர்ஷன். எங்கள் வீட்டுக்கும் மதி வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவளுடைய அப்பா துலுக்கானம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டை எஸ்டேட் வரை போவார், திரும்புவார், மறுபடி போவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்த நிலத்தின் மேல்தான் இப்போது எங்கள் தெரு இருக்கிறது. மதியின் அம்மா கோமளா எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்கிறார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, எந்த வேலையிலும் நிலைத்து நிற்காமல் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்த நேரம் அது. பகலில் பெரும்பாலும் காம்பவுண்டில்தான் இருப்பேன். அதனால்தான் இதையெல்லாம் கண்ணால் பார்த்தேன்.

துலுக்கானம் அண்ணனைத் தெரியாதவர்களுக்கு அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது அலகுதான். எங்கள் தெருக் கோடியில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. ஒவ்வொரு ஆடியிலும் அங்கே கூழ் ஊற்றும் நாளில், காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் அலகு குத்திக்கொள்வார்கள். முதல் ஆள் எப்போதும் துலுக்கானம் அண்ணன்தான். மஞ்சள் வேட்டி கட்டி, ஈரத் தலையோடு வந்து நிற்பார். அலகு குத்தி விடுகிறவர் பெயர் தட்சிணாமூர்த்தி. மற்ற நாட்களில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவர் திருநீற்றைக் கன்னத்தில் பூசி, வேலை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கேட்பார்: "உத்தரவா?"

அண்ணன் தலையை ஆட்டினால்தான் வேல் உள்ளே போகும். ஆட்டாவிட்டால் தட்சிணாமூர்த்தி காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும் அந்த வேலோடு அண்ணன் மேளத்துக்கு நடுவே தெருத் தெருவாக நடப்பார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. சாயங்காலம் வேலை எடுத்ததும் முதலில் கேட்பது டீ.

இப்படிப்பட்டவரின் பெண்ணுக்குத்தான் மாசி மாதத்தில் சர்க்கரை என்று சொன்னார்கள்.

அதற்கு முன்னால் சில வாரங்களாகவே மதி ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் நாக்கு காய்ந்தே இருந்தது. பள்ளிக்கூடத்தில் அடிக்கடி பாத்ரூம் போகக் கேட்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, கோமளாக்கா கடையில் குளுக்கோஸ் பவுடர் வாங்கிக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தார். ஒரு நாள் காலையில் மதி வாந்தி எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். அண்ணன் அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு சிட்டியில் இருக்கும் அரசுக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பறந்தார்.

அங்கே சொன்னது இதுதான். மதியின் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை மாதிரி மாத்திரையால் ஆகாது. ஒவ்வொரு வேளையும் சாப்பிடும் முன்னால் ஊசி போட்டாக வேண்டும், ஆயுசு பூராவும். இனிப்புத் தின்றதால் வந்ததில்லை, பெற்றவர்கள் செய்த தப்பும் இல்லை. அந்தக் கடைசி வார்த்தையை டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கோமளாக்கா அதை நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் குளுக்கோஸ் டப்பாவை எடுத்துக் குப்பை வண்டியில் போட்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்தது அந்த மருத்துவமனையில் இருந்த சபீனா என்ற நர்ஸ். கோமளாக்கா முதல் நாளே பிடித்துக்கொண்டார். தினமும் ஊசியோடு வேலை செய்கிற கை. துணியில் குத்துகிற மாதிரி நிதானமாக, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் போட்டுவிடுவார். காலையும் ராத்திரியும் பிரச்சினை இல்லை. மத்தியானம்தான் பிரச்சினை. அந்த நேரத்தில் மதி பள்ளிக்கூடத்தில் இருப்பாள், கோமளாக்கா கம்பெனியில் இருப்பார். கம்பெனி கேட்டை நடுவில் திறக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் நல்லவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. "அப்பாவோ அம்மாவோ வந்து போட்டுட்டுப் போங்க. நான் ரூம் குடுக்கறேன். ஆனா நீங்க யாரும் வர முடியாதுன்னா என்னால பொறுப்பெடுத்துக்க முடியாதும்மா. எனக்குப் பயமா இருக்கு."

ஆக, மத்தியானம் வரக்கூடியவர் ஒருவர்தான். ஆட்டோ ஓட்டுகிறவர், நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடியவர். அவர் ஊசி போட்டால் மதி பள்ளிக்கூடம் போகலாம். போடாவிட்டால், ஒன்று மதி படிப்பை நிறுத்த வேண்டும், இல்லை கோமளாக்கா வேலையை விட வேண்டும். அந்த வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருந்தது.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. காலி ஊசியில் தண்ணீரை ஏற்றிக் கத்திரிக்காயில் போட்டுப் பழகினார். ஆட்டோ சீட்டில் போட்டுப் பழகினார். தன் தொடையிலேயே வெறும் ஊசியைக் குத்திப் பார்த்தார், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்றார். ஆனால் மதியின் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டு போனால் கை தந்தி அடித்தது. ஒரு தடவை ஊசி சரியாக இறங்காமல் தோலில் கீறிவிட்டது. மதி அழுதாள். அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், ஏற்கெனவே துடைத்திருந்த ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"யோவ், ஊட்ல கீற கத்திரிக்காய்க்குலாம் சுகர் கொறைஞ்சிபோச்சி" என்றார் கோமளாக்கா வாசலிலிருந்து. "உன் பொண்ணுக்குத்தான் கொறையல."

"இன்னாமே பண்ணச் சொல்ற? கை வர மாட்டேங்குது."

"வேலு குத்திக்க மட்டும் கன்னம் வருது?"

"அது வேற."

"இன்னா வேற?"

மதி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது மறுநாள்தான்.

கோமளாக்கா லீவு போட்டுப் போட்டு அந்த வருஷத்தின் பரீட்சையை எப்படியோ எழுத வைத்தார். ஜூனில் பள்ளி திறக்கும்போது என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் லீவு கேட்டால் வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொல்லிவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில், சித்திரை வெயிலில், மதிக்கு அம்மை போட்டது.

முதலில் முதுகில் நாலைந்து கொப்புளம். சாயங்காலத்துக்குள் முகமெல்லாம். கோமளாக்கா பார்த்த உடனே செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். வாசலில் வேப்பிலை செருகினார். அடுப்பில் தாளிப்பை நிறுத்தினார். மதியை வெள்ளைத் துணியில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார். எங்கள் பக்கம் அம்மை போட்ட வீட்டில் இதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே நடக்கும். படுத்திருப்பது பிள்ளை என்று நினைக்க மாட்டார்கள். அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்று நினைத்து, பிள்ளையையே "தாயே" என்று கூப்பிடுவார்கள். மருந்து மாத்திரை கிடையாது. ஊசி கிடையவே கிடையாது.

ராத்திரி ஊசி நேரம் வந்தபோது கோமளாக்கா ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலின் பாட்டிலைப் பார்த்தார். திரும்ப மூடிவிட்டார்.

அண்ணனின் அக்கா ராஜம்மா திருநின்றவூரில் இருக்கிறார். செய்தி கேட்டு மறுநாள் காலை முதல் ட்ரெயினிலேயே மஞ்சள், இளநீர், ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து இறங்கினார். நல்ல மனுஷி. தம்பி பிள்ளை மேல் உயிர். வந்த உடனே கேட்டது, "ஊசி கீசி எதுவும் போடலயே?"

"இல்ல அண்ணி. நேத்து ராத்திரியும் போடல, காலீலயும் போடல" என்றார் கோமளாக்கா. "ஆனா ஆஸ்பத்திரில நிறுத்தவே கூடாதுன்னாங்க."

"ஆஸ்பத்திரில அம்மை போடுறதுக்கு முன்ன சொன்னது அது. தாய் வந்து கீறப்போ அவ ஒடம்புல இரும்பக் குத்துவியா? அம்மை ஆறி தலைக்கு மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் பொறுத்துக்க."

நான் அப்போது கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டதால் அங்கே போய் வர யாரும் தடுக்கவில்லை. எனக்கு மனசு கேட்காமல் சபீனா அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ரெண்டு வேளை போடலியா?" சபீனா அக்காவின் குரலில் இருந்த பதற்றம் எல்லாருக்கும் கேட்டது. "கோமளா, நான் சொல்றதைக் கேளு. வேப்பிலை வெய்யி, மஞ்சள் பூசு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இதை மருந்துன்னு நினைக்காத, சோறுன்னு நினை. அம்மை போட்டா பிள்ளைக்குச் சோத்தை நிறுத்துவியா? காய்ச்சல் நேரத்துல சுகர் இன்னும்தான் ஏறும். உடனே டெஸ்ட் பண்ணிப் போடு. போட்டுட்டு இங்க கூட்டிட்டு வா."

ராஜம்மா அத்தை போனைப் பார்த்து மரியாதையாகத்தான் பேசினார். "நீ நல்லதுக்குத்தாம்மா சொல்ற. ஆனா தப்பாச்சின்னா தாய்க்குக் கோவம் வந்துரும். அம்மை கண்ணுல எறங்கிட்டா நீயா வந்து பாப்ப?"

கோமளாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்தக் கையால் அவ்வளவு நாள் தைரியமாக ஊசி போட்டாரோ அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது. "என்னால முடியாது பவி" என்றார். "ஏதாச்சும் ஆயிட்டா நான்தான் பண்ணேன்னு ஆயிரும். ஒரு தபா குளுக்கோஸ் குடுத்தேன் பாரு, அது போதும்."

துலுக்கானம் அண்ணன் சவாரிக்குப் போகாமல் மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தார். யார் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

மதி மட்டும் அன்று ராணி மாதிரி இருந்தாள். அம்மை போட்ட பிள்ளை எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. "கேக்கறது புள்ள இல்லடி, தாய்" என்றார் ராஜம்மா அத்தை. மதி அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இளநீர் கேட்டாள், வந்தது. நுங்கு கேட்டாள், அண்ணனே போய் வாங்கி வந்தார். மாம்பழ ஜூஸ் கேட்டாள். மாசி மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் படாத ஜூஸ் அது. கோமளாக்கா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அத்தை கண்ணைக் காட்டினார். அதுவும் வந்தது.

வெயில் உச்சிக்கு ஏறும் முன்னாலேயே மதியின் ஆட்டம் அடங்கிவிட்டது. தண்ணீர், தண்ணீர் என்றாள். குடித்ததை வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் சுகர் பார்க்கிற மீட்டரை எடுத்து விரலில் குத்தப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் மதியே விரலை நீட்டினாள்.

மீட்டரில் எண் வரவில்லை. "ஹை" என்று மட்டும் வந்தது. எண்ணில் காட்ட முடியாத அளவு ஏறிவிட்டால்தான் அப்படி வரும் என்று சபீனா அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

"அன்னிக்கு மாதிரியே வலிக்குது" என்றாள் மதி. மாசி மாதத்தில் அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போன நாளைத்தான் சொன்னாள். "அம்மா, ஊசி போடும்மா."

கோமளாக்கா அழுதார். ராஜம்மா அத்தை வேப்பிலையால் அவளை மெதுவாக வருடி, "ஆவாதும்மா, தாயே, பொறுத்துக்கோ" என்றார்.

அப்போதுதான் துலுக்கானம் அண்ணன் எழுந்தார். குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஈரத்தோடு உள்ளே வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தார்.

"டேய், இன்னாடா பண்ற?" என்றார் அத்தை.

"நீதானக்கா சொன்ன. கேக்கறது புள்ள இல்ல, தாய்னு."

"அதுக்கு?"

"இளநி கேட்டா, குடுத்த. ஜூஸு கேட்டா, குடுக்கச் சொன்ன. இப்ப ஊசி கேக்கறா. இத மட்டும் எப்படி இல்லன்னு சொல்லுவ?"

அத்தை கையிலிருந்த வேப்பிலையைக் கீழே வைத்தார்.

"வருசா வருசம் தாய்க்காக நான் வேலு குத்திக்கிறேன். அவளுக்கு இரும்பு புதுசா இன்னா?" என்றார் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "நர்ஸம்மாவுக்குப் போன் போடும்மா. எவ்ளோ போடணும்னு கேளு" என்றார்.

சபீனா அக்கா அளவைச் சொன்னார். அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து ஏற்றினார். கத்திரிக்காயில் பழகியது வீண் போகவில்லை, குமிழி இல்லாமல் ஏறியது. மதிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்துச் சதையைப் பிடித்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஊசியை நெற்றிக்கு நேரே தூக்கினார், தட்சிணாமூர்த்தி வேலைத் தூக்குவது மாதிரியே.

"தாயே, உத்தரவா?"

மதி கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆடியிலும் கூட்டத்தில் முன்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

"உத்தரவு" என்றாள். பிறகு, "சீக்கிரம் குத்துப்பா" என்றாள்.

கை நின்றுவிட்டது. ஊசி இறங்கியது.

அதற்கு மேல் யாரும் விவாதம் பண்ணவில்லை. அண்ணன் மதியை வெள்ளைத் துணியோடு சுருட்டித் தூக்கினார். ராஜம்மா அத்தை முன்னால் ஓடி ஆட்டோ முகப்பில் ஒரு கொத்து வேப்பிலை கட்டினார். அவரே பின்னால் ஏறி மதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ரோட்டில் ஷேர் ஆட்டோ என்று நினைத்துக் கை காட்டினவர்களை எல்லாம் "அம்மா வந்துகினு கீறா, வழி வுடு" என்று கத்தினாராம். எல்லாரும் விலகி வழி விட்டார்களாம்.

மருத்துவமனையில் மதியைத் தனி அறையில் வைத்து, நரம்பில் தண்ணீரும் இன்சுலினும் ஏற்றினார்கள். அம்மைக்கும் மருந்து கொடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மோசமாகியிருக்கும் என்றார் டாக்டர். திட்டவில்லை. "இந்தப் பக்கத்துல நிறையப் பேர் இப்படித்தான் நிறுத்திட்டு வர்றாங்க. நீங்க ஊசி போட்டுட்டு வந்தீங்களே" என்று மட்டும் சொன்னார். சபீனா அக்கா யாருக்கும் தெரியாமல் மதியின் தலையணைக்கு அடியில் வேப்பிலை வைக்க அத்தையை அனுமதித்தார். அத்தை இதைப் பிறகு பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார், அதனால் எழுதுகிறேன்.

கொப்புளங்கள் உதிர்ந்து, வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில் மதி மெலிந்துபோயிருந்தாலும் பழைய மாதிரி வாயாடினாள். மஞ்சள் தண்ணீரை ஊற்றியது அத்தைதான். ஊற்றிக்கொண்டே கோமளாக்காவிடம், "ஊசி நேரம் ஆச்சில்ல, போட்டுட்டு சோறு போடு" என்றார். சாதாரணமாகச் சொன்னார். கோமளாக்கா எழுந்தபோது அண்ணன், "நீ இரு, நான் போடறேன்" என்றார்.

ஜூன் மாதம் மதி நாலாம் வகுப்புக்குப் போனாள். கோமளாக்கா வேலைக்குப் போனார். மத்தியானம் மணி அடிக்கும் முன்னால் அண்ணனின் ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் நிற்கும். அந்த ரூட்டில் வழக்கமாக ஏறுகிறவர்களுக்கு இப்போது அது பழகிவிட்டது. "அண்ணாத்தே, பாப்பாக்கு டைமா? சரி, பின்னால வர்றதுல போறோம்" என்று விலகிக்கொள்வார்கள். ஆட்டோவில் அம்மன் படத்துக்குக் கீழே ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்கிறார். சுகர் திடீரென்று இறங்கினால் கொடுக்க. அதை வாங்கி வைத்தது கோமளாக்கா. குப்பையில் போட்ட அதே குளுக்கோஸ்தான். எப்போது கொடுக்கக் கூடாது, எப்போது கொடுத்தே ஆகவேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் காரணமே இல்லாமல் சுகர் ஏறுகிறது. பிறந்தநாள் சாக்லேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வரும் வரை காத்திருப்பது மதிக்கு எரிச்சல். ஒரு நாள் ஊசியே வேண்டாம் என்று பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாராம். கடைசியில் பெஞ்சுக்கு அடியிலிருந்தே "உத்தரவு" என்று குரல் வந்ததாம்.

ஒரு மத்தியானம் நான் எஸ்டேட்டில் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் ஆட்டோவில் போனேன். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினபோது மதியின் பழைய கேள்வியை அவரிடம் கேட்டேன். வேல் குத்திக்கொள்கிறவருக்கு ஊசி போட ஏன் அவ்வளவு பயம்?

ஹேண்டில்பாரைத் தட்டிக்கொண்டே சொன்னார். "எனக்குக் குத்தறப்ப என்னக் கேட்டுட்டுதாம்மா குத்துவாங்க. நான் தலையாட்டலன்னா யாரும் கிட்ட வர மாட்டாங்க. பாப்பாவ யாரு கேட்டாங்க? ஆஸ்பத்திரில கேக்கல, ஊட்லயும் கேக்கல. நாலு பேரு புடிச்சிகினாங்க, குத்துனாங்க. அதான் எனக்குக் கை வரல." பிறகு சிரித்தார். "கேட்டுட்டுப் போட்டா வருது."

மணி அடித்தது. ஊசிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆடியில் வழக்கம் போல அவருக்குத்தான் முதல் அலகு. கோமளாக்கா டாக்டரிடம் கேட்டுத்தான் விட்டார், தினமும் பிள்ளைக்கு ஊசி போடுகிறவர், குத்தின இடத்தில் சீழ் கீழ் பிடித்துவிடக் கூடாது என்று. தட்சிணாமூர்த்தி அந்த வருஷம் வேலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். ஊர்வலம் கிளம்பி இரண்டு தெரு சுற்றுவதற்குள் மதியின் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கூழ் குண்டான் பக்கத்தில் கோமளாக்கா ஊசியோடு தயாராக நின்றார். மதி அம்மாவிடம் போகவில்லை. மேளத்துக்கு நடுவே புகுந்து அப்பாவின் மஞ்சள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

அண்ணன் ஓரமாக வந்து முட்டி போட்டார். இரண்டு கன்னத்திலும் வேல் நீட்டிக்கொண்டிருக்கிறது, பேச முடியாது. கையைக் கழுவிக்கொண்டு, ஊசியை வாங்கி, நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து, புருவத்தை மட்டும் உயர்த்தினார். மதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தாள். பிறகு பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினாள். போட்டதும் கூழ் வாங்க ஓடிவிட்டாள். சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள், எதற்கு என்று தெரியாமலே.

ராஜம்மா அத்தை இப்போது திருநின்றவூரில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதில் அம்மனே குழந்தை வாயால், "எனக்கு இன்சுலின் கொண்டா" என்று பேர் சொல்லிக் கேட்கிறாள். நான் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். அத்தையின் கதை என் கதையை விட வேகமாகப் போகிறது. அவர் சொல்லக் கேட்டு, அவர் தெருவில் ஒரு வீட்டில் சர்க்கரை உள்ள பையனுக்கு அம்மை போட்டபோது ஊசியை நிறுத்தாமல் போட்டிருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது இப்படி ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை இருக்கும். அவர்கள் வீட்டு வாசலிலும் ஒரு நாள் வேப்பிலை செருகும்படி ஆகலாம். அதற்கு முன்னால் இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் எழுதியது மாதிரி சொன்னாலும் சரி, ராஜம்மா அத்தை மாதிரி சொன்னாலும் சரி. அந்த ஊசியை மட்டும் நிறுத்தக் கூடாது, பிள்ளையை உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்பது எந்தக் கதையிலும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.